நீங்களே கொடுக்கக் கூடாது

அத்தியாயம் 11

விடிந்ததும் அவள் செய்த முதல் வேலை, அப்பாவை மேலே இழுத்தது.

கட்டிலின் தலைமாடு நிமிர்ந்தபடியே இறுகிப் போயிருந்தது. அதில் சாய்ந்திருப்பவர் சறுக்குமரத்தில் உட்கார்ந்த குழந்தை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கால்மாட்டுக்கு வழுக்கிக்கொண்டே வருவார். அக்குளுக்கடியில் கை கொடுத்து, ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுக்க வேண்டும்.

"ஐலசா சொல்லட்டுமா?" என்றார் அப்பா.

"சொல்லுங்க. அப்படியே கூலியும் கொடுங்க."

"கணக்குல எழுதிக்கோ."

அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் ஓய்ந்துபோன பிறகு வாங்கிய கட்டில் அது. பொத்தானை அழுத்தினால் ஏறும், இறங்கும் என்றார்கள். ஏறியது. சில வாரங்களுக்குப் பிறகு இறங்க மறுத்தது. அவள் கடைக்குப் போன் செய்தபோதெல்லாம் ஒரு பெண்குரல், "ஆள் வந்து பார்த்துட்டுப் போயாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். எந்த ஆளும் வரவில்லை. அந்தப் பச்சைப் பொய்தான், வாழ்நாளில் யாரிடமும் குரலை உயர்த்தாதவளைச் சிறு வழக்குகளுக்கான கோர்ட்டின் படியில் ஏற வைத்தது.

தலைமாடு இறங்கினால்தான் அதற்கடியிலுள்ள இணைப்புகளைக் கழற்ற முடியும். கழற்றினால்தான் கட்டில் வாசலைத் தாண்டும். தாண்டினால்தான் அப்பா, ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி, கொஞ்ச காலம் தம்பி வீட்டில் போய் இருக்க முடியும். பக்கக் கம்பி வைத்த கட்டில் இல்லாமல் அவரைப் படுக்கவைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னொரு கட்டில் வாங்க இரண்டு வீட்டிலும் வசதி இல்லை.

அப்பாவின் முதுகுக்காகத்தான் வழக்கு என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. அவர் முதுகில் தோல் சிவந்து கன்றியிருந்த இடத்துக்குத் தினமும் மருந்து போடுகிறவள் அவள்தான். ஆனால் அந்த உண்மைக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளும்போதும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். அவளுக்குத் தூங்க வேண்டும். யாரும் கூப்பிடாத ஒரு ராத்திரி வேண்டும். அதற்காக அப்பாவை வீட்டைவிட்டு அனுப்ப, ஒரு கோர்ட்டையே துணைக்கு அழைத்திருந்தாள்.

"கோர்ட் பேப்பரை இன்னைக்கு எப்படியும் கொடுத்துடுவாங்களா?" என்று கேட்டார் அப்பா.

"தம்பி நேத்தே கொடுத்திருப்பான். சொல்ல மறந்திருப்பான்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

வழக்குத் தாள்களை வாங்கிய அன்று கோர்ட் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தார்: "வழக்குப் போட்டவங்க நீங்களே கொடுக்கக் கூடாது. வயசு வந்தவங்க யாராவது, வழக்குல சம்பந்தமில்லாதவங்க, கடை முதலாளி கையில கொடுக்கணும். கொடுத்தவங்க இந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டு, கெடுவுக்குள்ள இங்க வந்து சேரணும். இல்லைன்னா கேஸ் தானா விழுந்துடும்."

"நானே போனா சீக்கிரம் முடிஞ்சிடுமே சார்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அவள் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் லேபில். மெழுகில் பல்லைப் பதிப்பதிலிருந்து மெருகு போடுவது வரைக்கும் மற்றவர் கை பட்டால் அவளுக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். குழாய் ஒழுகினாலும், அப்பாவின் மாத்திரை தீர்ந்தாலும், ஒருவரிடம் சொல்லி அவர் செய்யக் காத்திருப்பதைவிடத் தானே செய்துவிடுவது சுலபம். 'நீ செய்யாதே' என்று அவளிடம் முதன்முதலாகச் சொன்னவர் அந்தக் கவுண்டர்காரர்தான். அந்த நிமிஷம் மனசு லேசானதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருந்தது. அது அந்த நிமிஷத்தோடு சரி. அடுத்த நிமிஷமே, வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்தாள். தம்பி ஞாபகத்துக்கு வந்தான். தாள்களை அவனிடம் கொடுத்தாள்.

தம்பிக்கு வீட்டில் 'இதோ' என்று பெயர். எதைக் கேட்டாலும் "இதோ" என்பான். அந்த இதோவுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு பருவமே மாறிவிடும்.

இன்று விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் மனைவியோடு வந்தான். செருப்பைக் கழற்ற அவன் எடுத்துக்கொண்ட நேரத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"கொடுத்தியா?"

"போனேன்க்கா."

"போனது தெரியும். கொடுத்தியா?"

"அந்த ஆளு சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு."

அவள் அவன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"சாப்பிடற மனுஷன் கையில எப்படிக்கா கோர்ட் பேப்பரைக் கொடுக்கறது? ஒரு கை எச்சில். இன்னொரு கையில டம்ளர். சரி, முடிக்கட்டும்னு வெளியில நின்னேன்."

"முடிச்சாரா?"

"முடிச்சிருப்பாரு. பின்னாடி ஒரு வாசல் இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"டம்ளரைக் கீழ வைக்கச் சொல்லி அந்தக் கையில கொடுக்கறது" என்றாள் தம்பி மனைவி.

"இடது கையிலயா? அது மரியாதையா இருக்குமா?"

"வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கவா போனீங்க? மரியாதை பார்க்கறீங்க!"

உள்ளேயிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சோற்றின் முன் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் கடுஞ்சொல் கூடாது என்பது இந்த வீட்டில் அவர் போட்ட சட்டம். பரீட்சையில் தோற்றுப்போன தம்பி, ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டை விட்டு எழுந்திருக்காமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்தச் சட்டம் இப்படி ஒரு கடைக்காரரைக் காப்பாற்றும் என்று யார் கண்டார்கள்?

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"இன்னைக்குத்தான் கடைசி நாள். தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா. இதோ இப்பவே..."

"நீங்க உட்காருங்க" என்றாள் தம்பி மனைவி. "மாமாவைப் பார்த்துக்கிட்டு இங்கேயே இருங்க. பேப்பரை என்கிட்ட கொடுங்க."

தம்பி மனைவி பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். தம்பி வீட்டில் 'செக்கிங்' என்றுதான் அவளைக் கூப்பிடுவான். அன்று அவளுக்கு ஓய்வுநாள்.

"உனக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை?" என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். "விட்டுடுங்களேன். கோர்ட்டு கீர்ட்டெல்லாம் எதுக்கு? எனக்கு இப்படியே பழகிப்போச்சு. ஜன்னல்ல தெரு முழுக்கத் தெரியுது."

"எனக்கு இது தொல்லையா மாமா? தினம் ஒருத்தராவது என்னை முறைச்சுப் பார்க்கலைன்னா வாங்கற சம்பளம் செரிக்காது."

*

லேபுக்குப் போன் செய்து லீவு சொன்னாள். "இன்னைக்கு ரெண்டு மேல்வரிசை போயாகணுமே" என்று முதலாளி இழுத்தார். "நாளைக்கு வந்து முடிச்சுத் தரேன் சார்." நாளை என்று சொன்னபோதே அந்த நாளின் பாரமும் இன்றைக்கே தோளில் ஏறி உட்கார்ந்தது.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தம்பி மனைவி ஓய்வுநாளிலும் ஏறுகிறவர்களின் கையைத்தான் பார்த்தாள். இவள் அவர்களின் வாயைப் பார்த்தாள். அவரவர் தொழில்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளு."

"உங்களுக்கு மாமாவை அனுப்ப மனசு இருக்கா, இல்லையா?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"ரூமைக் காலி பண்ணி எத்தனை மாசமாச்சு தெரியுமா? பீரோவை ஹாலுக்குத் தள்ளிட்டு, தினம் அதுல இடிச்சுக்கிட்டு நடக்கறோம். ஜன்னல் பக்கமா கட்டில் வர்ற மாதிரி இடம்கூட அளந்து வெச்சிருக்கேன், அவருக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்னு. இவர் என்னடான்னா, 'அக்கா அனுப்ப மாட்டா. அவளுக்கு எல்லாத்தையும் அவளே செய்யணும்'னு சொல்றாரு."

"அவன் அப்படியா சொன்னான்?"

"அவர் சொல்லி வேற தெரியணுமா? நான் ஒரு டம்ளர் கழுவினாக்கூட நீங்க திரும்ப எடுத்துக் கழுவறீங்க."

அது உண்மை. யாருக்கும் தெரியாமல் அதைச் செய்வதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அனுப்பத்தான் ஆசைப்படுகிறேன், உன்னைவிட அதிகமாக, என்று சொல்லிவிட்டால் என்ன? பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. இருவரும் சேர்ந்து சாய்ந்து நிமிர்ந்தார்கள். சொல்லவில்லை. பெற்ற தகப்பனை அனுப்பிவிட்டுத் தூங்கப் போகிறேன் என்று, பீரோவில் தினமும் இடித்துக்கொள்ளும் ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது? நல்ல மகள் என்கிற பேரை இவளும் சேர்ந்துதானே கொடுத்திருக்கிறாள். தையல்காரர் அளவு தப்பித் தைத்துவிட்ட சட்டை மாதிரி அந்தப் பேர் அக்குளில் பிடித்தது. ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

"இன்னைக்குப் பேப்பர் போய்ச் சேரட்டும்" என்றாள். "அப்புறம் எல்லாம் தானா நடக்கும்."

*

கடை வாசலுக்கு அவள் போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கவுண்டர்காரரின் குரல் காதிலேயே இருந்தது. எதிர்ப்பக்கத்தில், மூடிக்கிடந்த ஒரு கடையின் படியில் நின்றுகொண்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் சக்கர நாற்காலிகளும் ஊன்றுகோல்களும் வரிசையாக இருந்தன. நடுவில் அப்பாவினுடையதைப் போலவே ஒரு கட்டில். யாரும் படுக்காத அந்தக் கட்டிலின் தலைமாடு மெதுவாக ஏறியது, நின்றது, மெதுவாக இறங்கியது. மறுபடி ஏறியது. வேடிக்கை காட்டுவதற்காக அப்படி ஓடவிட்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சமர்த்தாக இறங்குகிறது!

தம்பி மனைவி உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னாலிருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். இவள் தரவில்லை, தலையை ஆட்டி மறுத்துவிட்டு அங்கேயே நின்றாள். பஸ்ஸில் டிக்கெட்டைத் தேடுகிறவன் தேடி முடிக்கட்டும் என்று நிற்கிற நிற்பு அது. கடைசியில் உள் அறையிலிருந்து ஒருவர் வந்தார். குள்ளமாக, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு. தம்பி மனைவி இரண்டு வார்த்தை பேசினாள். தாள்களைக் கையில் வைத்தாள். சீட்டை எடுத்து அங்கேயே, ஒரு சக்கர நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

அவ்வளவுதான். இத்தனை நாள் தூக்கம் கெட்டது இவ்வளவுக்கா என்று இருந்தது.

கடைக்காரர் படித்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி மறுபடி படித்தார். பிறகு தம்பி மனைவியிடம் ஏதோ கேட்டார். அவள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த இந்தப் படியைக் கைகாட்டினாள்.

அவர் வெளியே வந்தார். தம்பி மனைவியும் பின்னாலேயே வந்தாள். தெருவைக் கடக்கும்போது ஒரு சைக்கிள்காரன் அவரைத் திட்டினான். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏம்மா, நீங்க இன்னும் அந்த வீட்டிலேயா இருக்கீங்க?"

சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தாள். அவர் குரலில் சண்டை இல்லை, குழப்பம்தான் இருந்தது. அவருடைய முன்பல் ஒன்று மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுப்பு, யாரோ அவசரமாகச் செய்து கொடுத்த உறை, என்று அவள் மனம் சம்பந்தமில்லாமல் கவனித்தது.

"அதே வீடுதான். எங்கே போகப்போறோம்?"

"பேப்பர்லயும் அதே விலாசம்தான் இருக்கு. என் மெக்கானிக் ரெண்டு தடவை வந்தானேம்மா! முதல் தடவை, ஊருக்குப் போயிருக்காங்கன்னு பதில். அடுத்த தடவை, வீடே மாத்திக்கிட்டுப் போயிட்டாங்கன்னு. சரி, பில்லுல இருந்த நம்பருக்குக் கூப்பிடுவோம்னு நானே கூப்பிட்டேன். ஒருத்தர் எடுத்து, 'இதோ, அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் சார்'னாரு. இன்னைக்கு வரைக்கும் அந்த அஞ்சு நிமிஷம் ஆகலை."

தம்பி மனைவி கண்களை மூடித் திறந்தாள். "அது எங்க வீட்டுக்காரர்" என்றாள். "அதுல சந்தேகமே வேணாம்."

"நான் போன் பண்ணப்போ, ஆள் வந்துட்டுப் போயாச்சுன்னு சொன்னாங்களே!"

"வந்துட்டுத்தானேம்மா போனான்."

அவள் படியிலிருந்து இறங்கினாள். "வீடு மாறிட்டோம்னு யார் சொன்னது?"

"வாசல்ல பூட்டாம். ஜன்னல்ல ஒரு பெரியவர் தலை தெரிஞ்சுதாம். ரொம்ப மரியாதையானவர்னு என் ஆளு சொன்னான். எடுத்த எடுப்பிலேயே, 'வாங்க இன்ஜினியர் சார்'னு கூப்பிட்டாராம். அவன் வந்து இதைச் சொல்லி ஒரு நாள் பூரா மிதப்புல இருந்தான்."

கையில் ஸ்பேனர் வைத்திருக்கும் யாரும் அப்பாவுக்கு இன்ஜினியர்தான். குழாய் ரிப்பேர்காரரும் இன்ஜினியர், மீட்டர் படிப்பவரும் இன்ஜினியர். தலைமாடு தாழ்ந்திருந்தால் அந்த ஜன்னலில் அவர் தலையே தெரிந்திருக்காது.

பகலில் அவள் லேபில் இருப்பாள்; அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் பக்கத்து வீட்டம்மா சாவியோடு மத்தியானம் மட்டும் வருவார். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யார் இருந்திருக்க முடியும்?

"எங்க அப்பா" என்றாள்.

கடைக்காரர் தாள்களை நீளவாக்கில் மடித்தார்.

"எனக்கும் வயசாச்சும்மா. கோர்ட்டுக்கு வந்து நிக்கத் தெம்பில்ல. இது இங்கேயே நின்னுச்சுன்னா, நாளைக்குக் காலையில முதல் வேலையா என் ஆளை அனுப்பறேன். மோட்டாரை மாத்திட்டுத்தான் திரும்புவான். நீங்க வீட்ல இருந்து கதவைத் திறங்க, போதும். இல்லை, அந்தச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் போறீங்கன்னா, நான் என் மெக்கானிக்கைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வரணும். உங்கப்பா சொன்னதை அவன் அங்க வந்து சொல்லணும். வேற வழியில்ல எனக்கு."

பயமுறுத்துகிற மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டுகிற மாதிரிதான் சொன்னார்.

*

இருவரும் பஸ் பிடித்துக் கோர்ட் ஆபீஸுக்குப் போனார்கள். படியேறும்போது தம்பி மனைவி நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வரப் பிடிக்கலை அவருக்கு."

"அப்படி இல்ல..."

"வேற எப்படி? கட்டில் சரியானா எங்ககிட்ட வரணும்னு அவருக்குத் தெரியும். முதுகு புண்ணானாலும் பரவாயில்லைன்னு கிடக்கறாரு. அந்த அளவுக்கு நான் என்னண்ணி செஞ்சுட்டேன்?" குரல் உடையவில்லை. ஆனால் டிக்கெட் இல்லாதவனிடமிருந்து வரும் பார்வைகளை எல்லாம் தாங்கும் அந்த முகம், சின்னதாகிப் போயிருந்தது. "என்கிட்ட நல்லாத்தானே பேசுவாரு."

ஆறுதல் சொல்ல வேண்டியவள் இவள்தான். ஆனால் இவளுக்குள் ஓடியது வேறு. முதுகு கன்றிப்போகும்வரை ஒரு மனிதர் என்னோடு இருக்கப் பிடிவாதம் பிடித்திருக்கிறார். அவரை அனுப்பத்தான் நான் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறேன். இதில் யார் யார்மேல் வழக்குப் போட வேண்டும்?

கவுண்டரில் வரிசை இல்லை. அதே மனிதர், அதே குனிந்த தலை. பக்கத்துக் கவுண்டரின் ஷட்டரை அதற்குள் இழுத்து மூடிவிட்டிருந்தார்கள்.

"சீட்டு?" என்று கையை நீட்டினார்.

அவள் எடுத்தாள். தம்பி மனைவியின் கையெழுத்து நேராக, உறுதியாக இருந்தது.

"இதை இன்னைக்குக் கொடுக்கலைன்னா?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே. கேஸ் விழுந்துடும். வேணும்னா முதல்ல இருந்து போடலாம். அதுக்குத் தேதி கிடைக்க இன்னும் எத்தனை காலமாகுமோ." முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "கொடுத்தாச்சா இல்லையாம்மா?"

"கொடுத்தாச்சு."

"அப்புறம் என்ன?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. ஒரு மேஜை, ஒரு நீதிபதி, எதிரே அந்த மெக்கானிக் நிற்பதை அவள் பார்த்தாள். 'ஐயா, அந்தப் பெரியவர் பொய் சொன்னாருங்க.' சாப்பிடுகிறவனைத் திட்டாதே என்று வளர்த்த மனிதரை, அவர் இல்லாத இடத்தில், நாலு பேருக்கு முன்னால் அப்படிச் சொல்லக் கேட்பாளா? முடியாது. அதே சமயம், இந்தச் சீட்டைக் கொடுக்காவிட்டால் நாளைக் காலையிலேயே கட்டில் சரியாகிவிடும், அப்பா போய்விடுவார், ராத்திரி அமைதியாகிவிடும் என்பதும் அதே மூச்சில் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்பும் அலுப்பும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒட்டிக் கிடந்தன.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஷட்டரை இழுத்தார்.

"அந்த ஆளோட வாய் வார்த்தையை நம்பியா?" என்றாள் தம்பி மனைவி. "நாளைக்கு ஆள் வரலைன்னா?"

"தெரியல."

"நான் போய் அவ்வளவு நேரம் நின்னு கொடுத்தது எதுக்கு?"

"தெரியலைம்மா. இப்ப எதுவும் கேட்காதே."

தம்பி மனைவி கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் இருக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

*

வீட்டுக்குத் திரும்பியபோது தெருவில் வெளிச்சம் இருந்தது. தம்பி அப்பாவுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தனக்குப் பிடிக்காத செய்திகளைத் தாண்டித் தாண்டிப் படித்தான்.

"என்னாச்சுக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி மனைவி கட்டிலருகே போய் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். எங்க வீட்ல என்ன குறை?"

"என்ன இது, வந்ததும் வராததுமா..." என்றான் தம்பி.

"நீங்க சும்மா இருங்க. உங்க அஞ்சு நிமிஷக் கதை தனியா இருக்கு."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வாசலோரம் நின்ற மகளைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிய அதிக நேரமாகவில்லை. செயலில்லாத வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கடைக்காரன் சொல்லிட்டானா?"

"சொன்னாரு."

"உங்க வீட்ல ஒரு குறையும் இல்லம்மா. என்னை நல்லாப் பார்த்துப்பே. இவனைவிட நல்லாப் பார்த்துப்பே, எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா?"

அவர் மகளை நோக்கித் தலையை அசைத்தார்.

"இவ தனியா இருப்பாளே."

தம்பி மனைவி திரும்பி இவளைப் பார்த்தாள்.

"ராத்திரி நான் கூப்பிட்டா ஒரு குரலுக்கு வந்து நிக்கிறா. ரெண்டாவது குரலே கொடுக்க வேண்டியதில்ல. தூக்கமே இல்லாம முழிச்சுக்கிட்டுக் கிடக்கறா போல. தூக்கம் வராத பொண்ணை ஒரு வீட்ல ஒத்தையில விட்டுட்டு நான் எப்படிப் போறது? கூப்பிட ஒரு ஆளு இருந்தா அவளுக்கும் ராத்திரி நகரும்." அவர் கொஞ்சம் தயங்கினார். "வலியே இல்லாதப்பகூட சில நாள் கூப்பிட்டிருக்கேன். பேச்சுத்துணைக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறொன்றாக மாறப் பார்த்தது. மாறவிடாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை ராத்திரி! கனவின் நடுவிலிருந்து எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, கண் திறக்காமலே வந்து நின்று, "என்னப்பா?" என்று அவள் கேட்கும்போது, அவர் தனக்குத் துணை தேடவில்லை. அவளுக்குத் துணை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் அவரை ஒருநாள்கூட ஏமாற்றாமல், முகம் சுளிக்காமல், முழித்திருந்தவளைப் போலவே வந்து நின்றிருக்கிறாள்.

இப்போதும் சொல்லாமல் விட்டுவிடலாம். அது அவளுக்குக் கைவந்த கலை.

"அப்பா, எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"நல்லா வரும்ப்பா. நின்னுக்கிட்டிருக்கறப்பவே வரும். லேப்ல மெழுகை உருக்க வெச்சுட்டு அப்படியே தூங்கியிருக்கேன்." குரல் உயரவில்லை. இத்தனை நாள் அடியில் கிடந்த வாக்கியம் வெளியே வந்தபோது சின்னதாக, சாதாரணமாகத்தான் இருந்தது. "கொஞ்ச நாள் அவங்க வீட்ல இருந்துட்டு வாங்கப்பா. எனக்குத் தூங்கணும்."

தம்பி செய்தித்தாளை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான். தம்பி மனைவி நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்; அன்று காலை பஸ்ஸில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது போல மெல்லத் தலையசைத்தாள்.

அப்பா வெகுநேரம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணுக்கடியில் இருந்த கருமையை, ஒட்டிப்போன கன்னத்தை, பகல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"நீங்களும்தான்."

அவர் வழுக்க ஆரம்பித்திருந்தார். பழக்கத்தில் அவள் கால் முன்னே வந்தது. அதற்குள் தம்பி ஒரு பக்கமும் அவன் மனைவி மறுபக்கமும் கை கொடுத்து அவரை மேலே தூக்கினார்கள். தம்பி மனைவி தலையணையைத் தட்டி முதுகுக்குக் கொடுத்தாள். அது சரியான இடத்தில் இல்லை. அவள் திருத்தப் போகவில்லை.

மூச்சு வாங்கி முடித்ததும் அப்பா கேட்டார்.

"கட்டிலைச் சரிபண்ண அந்த ஆளு இனி எப்போ வருவான்?"

தம்பி மனைவி இவளைப் பார்த்தாள். கோர்ட்டில் வழக்கு இனி இல்லை. கையெழுத்துப் போட்ட சீட்டு அவள் பையில் வெறும் தாளாகிக் கிடந்தது. தெருவைத் தாண்டி வந்து ஒரு மனிதர் சொல்லிவிட்டுப் போன சொல்லைத் தவிர அவளிடம் வேறெதுவும் இல்லை.

"நாளைக்குக் காலையில" என்றாள். "காலையில முதல் வேலையா வந்துடுவார்ப்பா."